உச்சி வெயில்ல ஒரு பேய்ப்படம்: லாக்டவுன்ல செட்டிநாட்டு வீட்டுக்குள்ளயே திகில் படம் எடுக்குறது எப்படி வேலை செய்யுது

2020 மார்ச் 17ஆம் தேதியோட தமிழ்நாட்டுல தியேட்டர்களை மூடுனாங்க, அடுத்த சில நாள்ல ஷூட்டிங்கும் நின்னுச்சு, 24ஆம் தேதி ராத்திரி நாடு முழுக்க லாக்டவுன்னு அறிவிச்சுட்டாங்க. டப்பிங், எடிட்டிங் மாதிரி வேலைங்களுக்கு மே மாசந்தான் அனுமதி வந்துச்சு, சினிமா ஷூட்டிங்குக்கு 75 பேருக்கு மேல கூடாதுங்குற கண்டிஷனோட செப்டம்பர்ல, தியேட்டர் திறந்தது நவம்பர் 10. இந்த இடைப்பட்ட காலத்துல கேமராவைக் கையில எடுத்தவங்க பெரும்பாலும் வீட்டுக்குள்ள மாட்டிக்கிட்டவங்கதான், கையில ஒரு போன், நடிக்க வீட்டு ஆளுங்க, லொக்கேஷன்னா அதே வீடு. அப்படி எடுத்ததுல பேய்ப்படம் ஏன் அவ்வளவு வந்துச்சு, அதுலயும் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் இருக்குற அந்தப் பெரிய வீடுகள்ல எடுத்தா எது எடுபடும், எது எடுபடாதுங்குறதைப் பத்தி கொஞ்சம் விலாவாரியா சொல்லணும்னு ரொம்ப நாளா ஆசை.

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். செட்டிநாட்டு வீட்டுல போன் கேமராவை வச்சுக்கிட்டு பேய்ப்படம் எடுக்கப் போறவங்க ராத்திரியை விட்டுடணும். நம்ம ஊரு பயம் மத்தியானத்துல இருக்கு.

மொதல்ல காசு கணக்கு. ஒரு காதல் படத்துக்கு நாலு ஊரு வேணும், சண்டைப் படத்துக்கு கயிறு கட்டித் தூக்க ஆளு வேணும், காமெடிக்குக் கூட டைமிங் தெரிஞ்ச நடிகர் வேணும். பேய்ப்படத்துக்கு ஒரு வீடும் அதுல திறக்கக் கூடாத ஒரு கதவும் இருந்தா போதும், ஏன்னா இந்த வகைப் படத்துல முக்கியமான பொருளையே காட்ட மாட்டோம், காட்டாத பொருளுக்கு செலவும் கிடையாது. இது புதுசா கண்டுபிடிச்ச வித்தை இல்ல. 1942ல ஹாலிவுட்ல கேட் பீப்பிள்னு ஒரு படம், தயாரிப்பாளர் வால் லூட்டன், கையில சின்ன பட்ஜெட், சிறுத்தையா மாறுற பொண்ணைப் பத்தின கதை, ஆனா பெரும்பாலும் நிழலும் சத்தமும்தான். ராத்திரி ரோட்டுல ஒருத்தி நடந்து போறா, பின்னாடி ஏதோ வருதுன்னு நாம மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்குறப்ப திடீர்னு சீறிக்கிட்டு வந்து நிக்கிறது ஒரு பஸ்ஸு. இன்னைக்கு வரைக்கும் அந்த மாதிரி பொய்ப் பயத்துக்கு லூட்டன் பஸ்னுதான் பேரு. அப்புறம் ஓரன் பெலி தன்னோட சொந்த வீட்டுலயே, ஏழே நாள்ல, சுமார் 15,000 டாலர்ல எடுத்த பாராநார்மல் ஆக்டிவிட்டி, 2007ல முதல்ல திரையிட்டாங்க, 2009ல பெரிய அளவுல ரிலீஸ் ஆகி உலகம் முழுக்க 19 கோடி டாலருக்கு மேல வசூல். அதுல பாதி நேரம் கேமரா ட்ரைபாட்ல அசையாம நிக்குது, படுக்கையறைக் கதவு திறந்து கிடக்குது, நாம அந்தக் கதவையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம், அவ்வளவுதான்.

லாக்டவுன்லயே எடுத்ததுன்னா இங்கிலாந்துல ராப் சாவேஜ் இயக்குன ஹோஸ்ட். சில நண்பர்கள் ஜூம் கால்ல ஆவியைக் கூப்பிடுறாங்க, ஒரு மணி நேரத்துக்கும் கம்மியான படம், 2020 ஜூலை கடைசியிலயே ரிலீஸ். டைரக்டர் தன் வீட்டுல இருந்து சொல்லச் சொல்ல நடிகர்கள் அவங்கவங்க வீட்டுல தாங்களே லைட் வச்சு, கேமரா வச்சு, பொருளைக் கயிறு கட்டி இழுத்து எடுத்தாங்க. அந்த செப்டம்பர்லயே மலையாளத்துல மகேஷ் நாராயணன் எடுத்த சி யூ சூன் வந்துச்சு, பேய்ப்படம் இல்ல, த்ரில்லர், ஆனா போன்லயே படம்பிடிச்சு முழுக்க ஸ்கிரீனுக்குள்ளயே ஓடுற கதை. கையில இருக்குற தடையவே கதையா மாத்துனது ரெண்டுக்கும் பொது.

நெருக்கடியில வீட்டுப் பக்கம் வந்து படம் எடுக்குறது காரைக்குடிக்காரங்களுக்கு பழைய பழக்கம்னும் இங்க சொல்லியாகணும். ஏவி மெய்யப்பச் செட்டியார் இரண்டாம் உலகப்போர் கால நெருக்கடியில மெட்ராஸ்ல ஸ்டூடியோ போட வழியில்லாம சொந்த ஊருக்கே வந்து, தேவகோட்டை ரஸ்தாவுல ஸ்டூடியோ வச்சாரு. சுதந்திரம் கிடைச்ச வருஷமான 1947ல வந்து பெரிய வெற்றி பெற்ற நாம் இருவர் அங்க உருவானதுதான். அப்புறம்தான் ஏவிஎம் கோடம்பாக்கம் பக்கம் போச்சு. இன்னைக்கு செட்டிநாட்டு வீடுன்னா சென்னையில இருந்து யூனிட் வந்து வாடகைக்கு எடுத்து கல்யாண சீன் ஷூட் பண்ணிட்டுப் போற இடமா மட்டும் ஆகிப்போச்சு, அந்த ஊரு ஆளுங்களே அந்த வீட்டுக்குள்ள கேமரா வைக்கிறது எனக்கு அதனாலயே ரொம்ப முக்கியமா படுது.

சரி, வீடு. பெரிய பங்களான்னாலே பேய் பங்களாதான்னு சினிமா நமக்குப் பழக்கி வச்சிருக்கு, அதனால செட்டிநாட்டு வீட்டைப் பாத்த உடனே தூணுக்குப் பின்னாடி வெள்ளைப் புடவை, ஒட்டடை, வௌவால்னு யோசனை ஓடும். எனக்கு இதுல உடன்பாடே இல்ல. இந்த வீடுகளோட அமைப்பை ஒரு தடவை நிதானமா பாத்தா அதுக்குன்னே ஒரு பயம் இருக்குறது தெரியும், வெளியில இருந்து எதையும் கொண்டு வந்து ஒட்ட வேண்டியது இல்ல. திண்ணை, முகப்பு, அதைத் தாண்டி வானம் பாத்த முத்தத்தோட வளவு, அதைச் சுத்தி பத்திங்குற தாழ்வாரம், பத்தியை ஒட்டி வரிசையா அறைங்க, அதுக்கு அப்புறம் இரண்டாங்கட்டு, மூணாங்கட்டு, அடுப்படி, பின்வாசல். பல வீட்டுல முன்வாசக் கதவும் பின்வாசக் கதவும் ஒரே நேர்கோட்டுல, ஒரு தெருவுல நுழைஞ்சா அடுத்த தெருவுல வெளிய வரலாம். அடுப்படிப் பக்கம் ட்ரைபாட் வச்சுப் பாத்தீங்கன்னா நிலைக்குள்ள நிலை, அதுக்குள்ள இன்னொரு நிலைன்னு கதவுச் சட்டங்க சின்னதாகிக்கிட்டே போய் கடைசியில தெரு வெளிச்சம் ஒரு வெள்ளைப் புள்ளியா நிக்கும், நடுவுல வளவுல மட்டும் மேல இருந்து ஒரு வெளிச்சம். அந்த ஒரே ஃப்ரேம்ல வெளிச்சம், இருட்டு, வெளிச்சம், இருட்டுன்னு நாலஞ்சு அடுக்கு. யாரோ ஒருத்தர் மூணாவது அடுக்குல குறுக்க நடந்து போனா அது யாருன்னு முகம் தெரியாது, நடையை வச்சுதான் கண்டுபிடிக்கணும். இந்த ஷாட்டுக்கு செட் போடணும்னா லட்சக்கணக்குல ஆகும், அப்பச்சி கட்டிட்டுப் போன வீட்டுல அது சும்மா கிடைக்குது.

அந்த அறைங்களுக்குப் பின்னாடி ஒரு வரலாறும் இருக்கு. கல்யாணம் ஆன ஒவ்வொரு மகனுக்கும் வளவுல தனி அறை, அவங்க சாமான் செட்டு, சீர் எல்லாம் அதுக்குள்ள, சாவி அவங்க கையில. நகரத்தார்னு சொல்ற செட்டியாருங்க பர்மா, மலேயா, சிலோன்னு கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கடை, வியாபாரம்னு கடல் தாண்டிப் போய் சம்பாதிச்ச காசுலதான் பர்மாத் தேக்குத் தூணும் இத்தாலி மார்பிளும் பெல்ஜியம் கண்ணாடியும் இந்தப் பொட்டல் காட்டுக்கு வந்துச்சு. 1942ல ஜப்பான்காரன் பர்மாவுக்குள்ள வந்தது, அப்புறம் அங்க நிலமும் தொழிலும் கை மாறிப் போனது, இதெல்லாம் சேந்து காசு வரத்து நின்னுச்சு, குடும்பங்க சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர், பினாங்குன்னு சிதறிச்சு. வீடு மட்டும் பங்காளிங்க எல்லாருக்கும் பொதுவா நின்னு போச்சு. கல்யாணம், சாந்திங்குற அறுபதாம் கல்யாணம், முன்னோருக்குப் போடுற படைப்பு, கோயில் திருவிழான்னா திறப்பாங்க, மத்த நாள்ல ஒரு வயசான ஆளு இல்லாட்டி வீடு பாத்துக்குற ஒருத்தர், அவ்வளவுதான். செட்டிநாடுன்னா முன்ன 96 ஊருன்னு சொல்லுவாங்க, இப்ப எழுபத்துச் சொச்சம். யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியல்ல 2014ல இருந்து இந்த ஊர்க்கூட்டம் இருக்கு.

இப்ப லாக்டவுனை இதுக்குள்ள வச்சுப் பாருங்க. வளவைச் சுத்தி பூட்டுன அறைங்க, ஒவ்வொரு சாவியும் ஒவ்வொரு நாட்டுல, பிளைட் கிடையாது, மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ். ஒரு அறைக்குள்ள ஏதோ சத்தம் கேட்டா அதைத் திறந்து பாக்குறதுக்கு யாராலயும் வர முடியாது. பேய்ப்படத்துல எப்பவும் இடிக்கிற கேள்வி ஒண்ணு உண்டு, இவ்வளவு பயமா இருந்தா வீட்டை விட்டு வெளிய போக வேண்டியதுதானேன்னு. அந்த வருஷம் அந்தக் கேள்விக்கு சர்க்காரே பதில் சொல்லிடுச்சு, வெளிய போகக் கூடாது. உள்ளயும் திறக்க முடியாது, வெளியயும் போக முடியாதுங்குற இந்த இடுக்குதான் செட்டிநாட்டு வீட்டோட சொந்தக் கதை, வெள்ளைப் புடவை இல்ல.

வெளிச்சத்துக்கு வருவோம், நான் மத்தியானம்னு சொன்னதுக்குக் காரணம் இங்கதான் இருக்கு. போன் கேமராவோட சென்சார் ரொம்பச் சின்னது. இருட்டுல வச்சா ஆட்டோ எக்ஸ்போஷர் அதை வெளிச்சமாக்கப் பாக்கும், ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டுற அளவை, தூக்கும், கறுப்பா இருக்க வேண்டிய மூலை எல்லாம் சாம்பல் கலர்ல புள்ளி புள்ளியா கொதிக்கும். பாக்குறவனுக்கு பயம் வராது, வீடியோ சரியில்லைன்னுதான் தோணும். ராத்திரி சீனை நல்லா எடுக்கணும்னா உண்மையில நிறைய லைட் வேணும், வெளிச்சத்தைக் கொட்டி எடுத்து அப்புறம் இருட்டாக்கணும், அந்த லைட்டும் அதைத் தூக்குற ஆளும் லாக்டவுன்ல இல்ல. மத்தியானத்துல இந்தப் பிரச்சனையே வராது, வெயில் விழற இடம் பளீர்னு, விழாத இடம் மையிருட்டு. வெயில் விழுந்த தரையில விரலை வச்சு அழுத்தி எக்ஸ்போஷரையும் ஃபோகஸையும் லாக் பண்ணிட்டீங்கன்னா பத்திக்குப் பின்னாடி இருக்குற அறை வாசல் எல்லாம் தானா கறுப்புல மூழ்கிடும், ஐஎஸ்ஓ கீழயே இருக்குறதால அந்தக் கறுப்பு சுத்தமான கறுப்பா இருக்கும்.

உச்சிவேளையில புளியமரத்துப் பக்கம் போகாத, கிணத்தடிக்குப் போகாத, காத்து கருப்பு அண்டிடும்னு சொல்லாத வீடு நம்ம பக்கம் உண்டா? பன்னெண்டு மணி வெயில்ல தெருவுல ஒரு ஈ காக்கா இருக்காது, சாப்பிட்டுட்டு எல்லாரும் பத்தியில துண்டை விரிச்சுப் படுத்திருப்பாங்க, அந்த அமைதியில ஒரு பித்தளைச் சொம்பு உருண்டா போதும். ராத்திரிப் பேய் எல்லா ஊருலயும் இருக்கு, உச்சிப்பொழுதுப் பேய் நம்மளது. கூடவே வானசாஸ்திரமும் கை கொடுக்குது: காரைக்குடி கிட்டத்தட்ட 10 டிகிரி வட அட்சத்துல இருக்கு, சித்திரை பொறக்குற அந்த ஏப்ரல் நடுவாக்குலதான் சூரியன் மத்தியானம் சரியா நம்ம தலைக்கு மேல வரும், கடிகாரத்துல பன்னெண்டேகால் சுமாருக்கு. அந்த நேரத்துல வளவுக்கு நடுவுல நிக்குறவருக்கு நிழலே காலடிக்குள்ள சுருண்டுடும், மேல இருந்து நேரா விழற வெயில்ல கண்ணு ரெண்டும் குழியா இருண்டு போகும், மேக்கப் ஒண்ணும் வேணாம், அப்பத்தா முகமே வேற யாரோ மாதிரி ஆயிடும். 2020ல அந்த மாசம் முழுக்க லாக்டவுன்தான்.

தரையையும் விட்டுடக் கூடாது. ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடி மேல வச்சு வாக்குறதால அதோட முகம் பளபளன்னு இருக்கும், தினம் மிதிச்சுத் துடைச்ச வீட்டுல இன்னும் அதிகம். கேமராவைத் தரையில இருந்து ஒரு சாண் உசரத்துல வச்சா வாசப்படியில நிக்குறவரோட பிம்பம் தரையில நீளமா விழும். ஆளைக் காட்டாதீங்க, அந்தப் பிம்பத்தை மட்டும் காட்டுங்க.

ராத்திரி சீன் கட்டாயம் வேணும்னா பொழுது சாஞ்சு அரை மணி நேரத்துக்குள்ள, வானத்துல இன்னும் நீலம் இருக்குறப்ப எடுத்துடுங்க. கலர் சாயத்தைச் சரி பண்ணுற ஒயிட் பேலன்ஸை ஆட்டோவுல விடாம 3200 கெல்வின் கிட்ட வச்சா அந்த வெளிச்சம் இன்னும் நீலமாகும், ஓரத்துல ஒரு குண்டு பல்பு மஞ்சளா எரிஞ்சா ராத்திரின்னே நம்பிடுவாங்க. எல்இடி, டியூப் லைட் இருந்தா செகண்டுக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் ஐம்பதுல ஒரு பங்கு வைங்க, நம்ம ஊரு கரண்ட் 50 ஹெர்ட்ஸ்ங்குறதால இல்லாட்டி படத்துல பட்டை பட்டையா ஓடும். வெள்ளை வேட்டியைக் கட்டி வெளிச்சத்தை மெத்துனு ஆக்கலாம், தெர்மாகோல் அட்டையில திருப்பி விடலாம், இதெல்லாம் தெரிஞ்ச விஷயம்.

ஆனா காசு ஏதாவது செலவு பண்ணணும்னா, பத்து ரூபாயா இருந்தாலும் சத்தத்துக்குத்தான் பண்ணணும். படம் கொஞ்சம் மங்கலா இருந்தா மன்னிச்சுடுவாங்க, வசனம் கேக்கலன்னா ஒரு நிமிஷம் உக்கார மாட்டாங்க. செட்டிநாட்டு வீட்டோட சுவரு முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் கலந்து தேச்ச பூச்சு, கண்ணாடி மாதிரி வழவழப்பு, தரை கல்லு, உசரமான கூரை, மூணுமே சத்தத்தை உறிஞ்சாது, திருப்பி அடிக்கும். வளவுல நின்னு கூப்பிட்டா குரல் நாலு பக்கமும் மோதித் திரும்பி வரும், எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னே புரியாது. வசனத்துக்கு இது எதிரி, பயத்துக்கு இது நண்பன். அதனால வசனத்தை ரெண்டாவது போன்ல எடுங்க: நடிக்குறவர் சட்டைப் பையிலயோ இடுப்புச் செருகல்லயோ ரெக்கார்டர் ஓட விட்டு, ஆரம்பத்துல ஒரு கைதட்டு, எடிட்டிங்ல அந்தக் கைதட்டை வச்சு ஒட்டிக்கலாம். கூப்பிடுற குரல், காலடிச் சத்தம், கதவுச் சத்தத்தை மட்டும் தூரத்துல இருந்து அந்த எதிரொலியோட எடுங்க. இப்படிப் பண்ணுனா பேசுறவர் காதுக்குப் பக்கத்துல இருப்பாரு, வீடு தூரத்துல இருந்து பதில் சொல்லும்.

கதவுன்னு சொல்லும்போது அதுல கொஞ்சம் நிக்கணும். தலைவாசல் நிலைக்கதவைத் திறக்குறப்ப ஒரு சத்தம் இல்ல, வரிசையா நாலு சத்தம் வரும். முழ நீளச் சாவி ஓட்டைக்குள்ள தேடுற உரசல், பூட்டுக்குள்ள நாக்கு பின்வாங்குற கனமான டொக், மேல்தாழ்ப்பாள் இரும்பு வளையத்துல இருந்து நழுவுறது, அப்புறம் தேக்கோட கனம் முழுசும் குடுமின்னு சொல்ற கதவு முளையில சுத்துற ஒரு முனகல். நாலையும் தனித்தனியா ரெக்கார்ட் பண்ணி வச்சுக்கிட்டா, ஆளே இல்லாத ஃப்ரேம்ல மொத மூணு சத்தத்தை மட்டும் போட்டு நாலாவதைப் போடாம விட்டுடலாம். கதவு திறக்கப் போகுதுன்னு உடம்பு காத்துக்கிட்டே இருக்கும், திறக்காது. எலும்பு முறியுற சத்தத்துக்கு முருங்கைக்காயை மைக் பக்கத்துல ஒடிங்க, ஈரத்துணியைக் கல்லுல அடிங்க, பழைய மரப்பெட்டி மூடியை மெல்லத் தேய்ங்க, அடுப்படியிலயே ஒரு சத்த லைப்ரரி கிடைச்சுடும்.

அந்த நாள்ல இன்னொரு வரமும் இருந்துச்சு, ஊரே நிசப்தம். லாக்டவுன்ல மனுஷங்க நடமாட்டத்தால பூமியில உண்டாகுற அதிர்வே உலக அளவுல 50 சதவீதம் வரைக்கும் குறைஞ்சுதுன்னு நிலநடுக்கக் கருவிகளை வச்சு ஆராய்ச்சியாளர்கள் 2020லயே சயின்ஸ் இதழ்ல எழுதுனாங்க. பஸ் ஹாரன் இல்ல, ஸ்பீக்கர் பாட்டு இல்ல, குயிலும் மயிலும் சில்வண்டும்தான். ஒவ்வொரு இடத்துலயும் யாரும் பேசாம ஒரு நிமிஷம் அந்த வெறும் அமைதியை ரெக்கார்ட் பண்ணிக்கணும், முகப்புல ஒரு அமைதி, வளவுல ஒரு அமைதி, அடுப்படியில வேற அமைதி. எடிட்டிங்ல சத்தத்தை முழுசா அறுத்தா கேக்குறவங்களுக்கு போன் கெட்டுப் போச்சோன்னு இருக்கும், அந்த இடத்துக்கான அமைதியை அடியில ஓட விட்டாதான் அது வீடா இருக்கும். பயம் வர வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னாடி சில்வண்டை மட்டும் மெல்லக் குறைச்சுப் பாருங்க, பாக்குறவருக்கு ஏன்னு தெரியாது, ஆனா நிமிந்து உக்காருவாரு.

பேய்ப்பட சத்தம்னா காதுக்கே கேக்காத ஆழமான அதிர்வைப் போடணும்னு நிறைய பேரு சொல்லுவாங்க. அதுக்கு ஆதாரமா சொல்றது இங்கிலாந்துல விக் டாண்டிங்குற இன்ஜினியரோட அனுபவம். லேப்ல உக்காந்திருக்குறப்ப மனசுல ஒரு கனம், ஓரக்கண்ணுல சாம்பல் கலர்ல ஒரு உருவம், பாத்தா அது புதுசா மாட்டுன ஒரு ஃபேன் கிளப்புற சுமார் 19 ஹெர்ட்ஸ் அதிர்வாம். 1998ல இதைக் கட்டுரையாவே எழுதுனாரு. கேக்க சுவாரசியமா இருக்கு, ஆனா நம்ம படத்தைப் பாக்கப் போறவங்க போன் ஸ்பீக்கர்லதான் பாக்கப் போறாங்க, அந்தச் சின்ன ஸ்பீக்கர்ல 19 ஹெர்ட்ஸ் இல்ல, சாதாரண உறுமலே வராது. அதனால கரகரன்னு உரசுற சத்தம், கிறீச்சுனு ஏறுற சத்தம், குரல் உடையுற சத்தம், இதுகளை நம்புங்க. மிருகங்க பயத்துல கத்துறப்ப குரல் சீரா இல்லாம கரகரப்பா உடையும், திகில் படங்களோட சத்தத்துலயும் அந்த மாதிரி கரகரப்பு அதிகம் இருக்குன்னு டேனியல் புளூம்ஸ்டைனும் அவரு கூட இருந்தவங்களும் 2010ல ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்காங்க. பழைய கிணத்து ராட்டைச் சுத்துனா வர்ற சத்தம் அந்த வகைதான்.

கதை எப்படிக் கட்டலாம்னு ஒரு உதாரணம் சொல்றேன். வீட்டுல அப்பத்தா, பேரன், பேத்தி, மூணே பேரு. மத்தியானம் அப்பத்தா பத்தியில படுத்திருக்கு. வளவுல மேற்குப் பக்க அறை பினாங்குல இருக்குற சித்தப்பாவோடது, பூட்டியிருக்கு. பேரன் அந்தக் கதவுல காதை வச்சுட்டு வர்றான், "அப்பத்தா, சித்தப்பா ரூம்ல யாரோ பாத்திரத்தை அடுக்குற மாதிரி இருக்கு." அப்பத்தா கண்ணைத் திறக்காம, "எலியா இருக்கும்ப்பா, படு." மறுநாள் அதே நேரம், அதே சத்தம். சித்தப்பாவுக்கு வீடியோ கால். "சாவி எங்கிட்ட பத்திரமா இருக்குடா, இங்க பாரு"ன்னு அவரு சாவியைக் காட்டுறாரு, காட்டிட்டு அப்படியே, "அது சரி, உனக்குப் பின்னாடி கதவு ஏன் திறந்து கெடக்கு?" பேரன் திரும்புறான், கதவு பூட்டியேதான் இருக்கு. கேமராவும் பூட்டுன கதவைத்தான் காட்டுது. போன் ஸ்கிரீன்ல மட்டும் என்ன தெரியுதுன்னு நமக்குக் காட்டாம அவன் முகத்தை மட்டும் காட்டுங்க. இதுல ஒரு பேய் வேஷம் இல்ல, கிராபிக்ஸ் இல்ல, ராத்திரி இல்ல. கிளைமாக்ஸ்ல கதவைத் திறக்கலாமா வேணாமான்னு கேட்டா, திறக்காதீங்கன்னுதான் சொல்லுவேன். பாத்திரம் அடுக்குற சத்தம் ஒரு நாள் அறைக்குள்ள நின்னு போய் அடுப்படியில கேக்கட்டும், அது போதும்.

நடிப்பை வீட்டு ஆளுங்ககிட்ட இருந்து வாங்குறது தனி விஷயம். பயப்படச் சொன்னா எல்லாரும் கண்ணை உருட்டுவாங்க, அதனால பயப்படச் சொல்லாதீங்க, வேலை குடுங்க. அப்பத்தாவை வெத்தல மடிக்கச் சொல்லுங்க, நடுவுல கையை நிறுத்திட்டு வலது பக்கம் பாக்கச் சொல்லுங்க, மறுபடி மடிக்கச் சொல்லுங்க. பாக்குறவங்க அந்த நிறுத்தத்துல தன்னோட பயத்தைத் தானே போட்டு நிரப்பிக்குவாங்க. சின்னப் பிள்ளைங்களை நிஜமா மிரட்டி எடுக்குறது வேணவே வேணாம், கதையை விளையாட்டா சொல்லிட்டு எடுங்க. பட்டுப்புடவையோட விளக்குப் பக்கத்துல நிக்க விடாதீங்க, பூட்டி வச்சிருந்த கட்டுக்குள்ள முதல்ல பெரியவங்க போய் பூச்சி பொட்டு பாத்துட்டு வரட்டும்.

ஒரு விஷயத்துல மட்டும் நான் ரொம்பக் கண்டிப்பா இருப்பேன். முகப்புல மாட்டியிருக்குற ஐயா, ஆயா போட்டோவைப் பேயாக்கிடாதீங்க. படைப்பு போடுற வீடு அது, இறந்தவங்களுக்கு இலை போட்டு, புதுத்துணி வச்சுக் கும்புடுற வீடு. அந்த வீட்டுல முன்னோர்னா வந்து மிரட்டுறவங்க இல்ல, காவல் இருக்குறவங்க. கதைக்குப் போட்டோ வேணும்னா கண்ணாடி மேல வெளிச்சம் பட வச்சு முகம் தெரியாம எடுங்க. அதே மாதிரி அந்த ரெண்டு வருஷத்துல, குறிப்பா 2021 மே மாசத்துல, எத்தனையோ வீட்டுல கடைசியா முகம் பாக்கக் கூட முடியாம ஆளுங்களை அனுப்பி வச்சாங்க. பொட்டலமா கட்டுன உடம்பு, ஆம்புலன்ஸ் சத்தம், இதையெல்லாம் திகிலுக்குப் பயன்படுத்துறது அந்த வீடுகளைத் திரும்பக் குத்துறது. பயமுறுத்த ஒரு பூட்டுன கதவு இருக்குறப்ப அது எதுக்கு?

எடிட்டிங்குக்கு போன்லயே கைன்மாஸ்டர், கம்ப்யூட்டர் இருந்தா டாவின்சி ரிசால்வோட இலவச வெர்ஷன், ரெண்டும் தாராளம். பத்து நிமிஷத்துக்கு மேல இழுக்காதீங்க, ஒரே வீடு ஒரே வெளிச்சம்ங்குறது அதுக்கு மேல சலிச்சுடும். மியூசிக்கை எங்கயோ இருந்து எடுத்துப் போட்டா யூடியூப் காப்பிரைட்னு பிடிச்சுடும், நீங்களே ரெக்கார்ட் பண்ணுன கதவும் ராட்டும் சில்வண்டும் போதும். கடைசியா ஒரு தடவை ஹெட்போன்லயும் ஒரு தடவை போன் ஸ்பீக்கர்லயும் முழுசா கேட்டுட்டு அளவு சரி பண்ணுங்க.

வெளியிடுறதுக்கு முன்னாடி முதல்ல யூடியூப்ல லிங்க் இருக்குறவங்க மட்டும் பாக்குற மாதிரி அன்லிஸ்டடா ஏத்தி பங்காளிங்க குரூப்ல லிங்க் போட்டு எல்லார்கிட்டயும் சம்மதம் வாங்கிடுங்க, வீடு ஒருத்தருக்குச் சொந்தம் இல்ல. ஆள் இல்லாத வீடுகள்ல இருந்து தூணும் கதவும் சாமானும் திருட்டுப் போற பக்கம் இது. அதனால தெரு தெரியுற முகப்பு ஷாட், எந்தக் கதவுக்கு என்ன பூட்டுன்னு தெளிவா தெரியுற ஷாட், எந்த அறை யாரோடதுங்குற வசனம், எல்லாத்தையும் வெட்டிட்டு, ஊரு பேரையும் டிஸ்கிரிப்ஷன்ல போடாம, அப்புறமா பப்ளிக்குக்கு மாத்துங்க.